சிக்குப்படாத நூல்: கலத்தின் கருவுக்குள் ஒழுங்கு வந்த கதை

நிறமூர்த்தம் எண்டு சொன்னவுடன எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வாறது அந்த எக்ஸ் வடிவப் படம்தான். ஆனால் ஒரு கலம் தன் வாழ்நாளில் பிரிவடையும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் நிறமூர்த்தங்களை அப்படிச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறது. மிச்ச நேரம் முழுவதும் அவை அவிழ்ந்து நூலாகக் கருவுக்குள் கிடக்கின்றன. பரம்பரையலகுகள் வேலை செய்வதும் பெரும்பாலும் அந்த அவிழ்ந்த நிலையில்தான்.

அப்ப அந்த நூல் உள்ளுக்க எப்பிடிக் கிடக்குது? கோப்பைக்குள் கொட்டிய நூடில்ஸ் மாதிரியா? இல்லாட்டி ஏதும் ஒழுங்கு இருக்கா?

கேட்கச் சின்னக் கேள்வி. பதில் வர ஏறத்தாழ 130 வருசம் எடுத்தது. அவ்வளவு காலம் எடுத்ததற்கு நல்ல கருவிகள் இல்லாதது ஒரு காரணம். மற்றக் காரணம், பதிலின் ஒரு பாதி உயிரியலாளர்களிடமும் மறுபாதி றப்பரையும் பிளாஸ்ரிக்கையும் ஆராய்ந்தவர்களிடமும் கிடந்தது. இரண்டு பக்கமும் நெடுங்காலம் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் அந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு

மனிதக் கலம் ஒன்றில் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அவற்றில் மிகப் பெரிய முதலாம் நிறமூர்த்தம் மட்டும் எட்டரைச் சென்ரிமீற்றர். இவ்வளவும் இருப்பது ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர் அகலமான ஒரு கருவுக்குள். ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதை எங்கட கண்ணுக்குப் பிடிக்கிற அளவுக்குப் பெருப்பிச்சுப் பார்ப்பம். டி.என்.ஏ.யின் தடிப்பு 2 நனோமீற்றர். எல்லாவற்றையும் ஓர் இலட்சம் மடங்கு பெரிதாக்கினால் அது தையல் நூலின் தடிப்புக்கு வரும். கரு ஒரு மீற்றர் அகலமான பந்தாகும். அந்தப் பந்துக்குள் இருக்கும் நூலின் நீளம் 200 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி வரைக்குமான ஏ9 வீதி 321 கிலோமீற்றர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நூல், 46 துண்டுகளாக, ஒரு பந்துக்குள்.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். அந்த நூலின் மொத்தக் கனவளவு கருவின் கனவளவில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே இடம் போதாது என்பது உண்மையான பிரச்சினை அல்ல. உண்மையான பிரச்சினை, அது நூலாக இருப்பது. நூல் சிக்குப்படும், முடிச்சு விழும். ஒரு நூல் இன்னொரு நூலை ஊடுருவிக் கடந்து போக முடியாது. கலமோ பிரியும்போது அந்த 46 துண்டையும் இரட்டித்து, ஒன்றும் அறுந்துபோகாமல், இரண்டு பக்கமும் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதுவும் எங்கள் உடம்பில் ஓயாமல் நடக்கிறது.

கண்டவர்களும் கைவிட்டவர்களும்

1879 இல் ஜேர்மனியின் கீல் நகரில் வால்ரர் ஃபிளெமிங் என்ற உடற்கூற்றியலாளர் சலமந்தர் குடம்பிகளின் கலங்களுக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். கருவுக்குள் சாயத்தை நன்றாக உறிஞ்சும் ஒரு பொருள் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் குரோமற்றின். நிறம் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து அது வந்தது. கலம் பிரியும்போது அந்தப் பொருள் தடித்த இழைகளாகத் திரள்வதையும், இழைகள் நீளப்பாட்டுக்குப் பிளவுபடுவதையும், பிளவுபட்டவை இரண்டு பக்கமும் போவதையும் அவர் படிப்படியாக வரைந்து வைத்தார். நிறமூர்த்தம் என்று நாங்கள் சொல்லும் பெயர் அதற்குப் பிறகு, 1888 இல்தான் வந்தது.

பிரிவு முடிந்ததும் இழைகள் மறைந்துவிடுகின்றன. அடுத்த பிரிவில் திரும்பத் தோன்றுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் அவற்றுக்கு என்ன நடக்கிறது? கரைந்து ஒன்றாகக் கலந்துவிடுகின்றனவா?

1885 இல் கார்ல் ராபிள் என்பவர் இல்லை என்றார். பிரிவு முடிந்த பின்னும் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் தனித்தன்மையோடு கருவுக்குள் தன்னுடைய இடத்திலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். தியோடர் போவெரி குதிரையின் குடலில் வாழும் ஒரு வட்டப்புழுவின் முளையக் கலங்களை வைத்து அதே முடிவை இன்னும் உறுதியாக்கினார். 1909 இல் அவர் வெளியிட்ட ஆய்வில் நிறமூர்த்தங்களுக்குக் கருவுக்குள் தனித்தனி ஆட்புலங்கள் இருக்கின்றன என்று எழுதினார். நாடுகளுக்கு எல்லை இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ.

பிறகு நடந்தது சுவாரசியமானது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தது. முன்னரைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பார்க்கலாம். 1950களில் இருந்து ஆய்வாளர்கள் கருவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். எங்கு பார்த்தாலும் இழைத் துண்டுகள். எது எந்த நிறமூர்த்தத்தைச் சேர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆட்புல எல்லை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாதபடியால் அது இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். கரு என்பது நூடில்ஸ் கோப்பை மாதிரித்தான் என்ற எண்ணம் பரவியது. ராபிளும் போவெரியும் பழைய காலத்து ஊகக்காரராக ஓரங்கட்டப்பட்டார்கள்.

மங்கலான கருவியால் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னதை, கூர்மையான கருவி வைத்திருந்தவர்கள் கைவிட்டார்கள். கருவியில் பிழை இல்லை. துண்டு துண்டாகப் பார்த்த காட்சியை முழு நூலின் காட்சி என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

றப்பரில் தொடங்கிய மறுபாதி

இப்ப கதையின் மற்றப் பக்கத்துக்குப் போவம். அது றப்பரில் தொடங்குகிறது. றப்பர் எங்களுக்குத் தூரத்துப் பொருள் இல்லை. 1876 இல் பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன றப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் றப்பர் தோட்டங்களுடைய தொடக்கங்களில் அது முக்கியமானது. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட எங்கட மக்களும் இருந்தார்கள்.

உலகம் முழுக்க றப்பரை விற்றது, வாங்கியது, ரயர் செய்தது. ஆனால் றப்பர் எண்டால் உண்மையில் என்ன என்று 1920 வரைக்கும் இரசாயனவியலாளரிடம் உடன்பாடு இல்லை. அது சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒட்டித் திரண்ட ஒரு குவியல் என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. 1920 இல் ஹெர்மன் ஸ்ரவுடிங்கர் அதற்கு மாறாக எழுதினார். றப்பர், செலுலோசு போன்றவை குவியல்கள் அல்ல. ஆயிரக்கணக்கான அலகுகள் வலுவான பிணைப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மிக நீண்ட சங்கிலிகள். இவற்றைத்தான் நாங்கள் பல்பகுதியம் என்று படிக்கிறோம்.

1922 இல் அவர் ஒரு நல்ல சோதனையை வெளியிட்டார். றப்பர் மூலக்கூறுகளை ஒட்டவைப்பது அவற்றின் இரட்டைப் பிணைப்புகள் என்றால், ஐதரசன் ஏற்றி அந்த இரட்டைப் பிணைப்புகளை இல்லாமல் செய்தால் குவியல் உதிர்ந்துபோக வேண்டும். ஐதரசன் ஏற்றினார்கள். உதிரவில்லை. பழையபடி பிசுபிசுத்த பெரிய மூலக்கூறாகவே இருந்தது. அப்படியிருந்தும் மூத்த இரசாயனவியலாளர் பலர் பல வருசம் அவரை நம்பவில்லை. நொபெல் பரிசு கிடைத்தது 1953 இல், அவருக்கு எழுபது வயது கடந்த பிறகு.

சங்கிலி என்று ஏற்றுக்கொண்டவுடன் அடுத்த கேள்வி: நீண்ட சங்கிலி ஒன்று சும்மா விட்டால் எந்த வடிவில் இருக்கும்? 1934 இல் வேர்ணர் கூன் அதைக் குடித்தவனின் நடை மாதிரிக் கணக்கிட்டார். ஒவ்வோர் அடியும் எந்தப் பக்கமும் போகலாம். அப்படி நடந்தால் நூறு அடி வைத்தவன் புறப்பட்ட இடத்தில் இருந்து சராசரியாகப் பத்து அடி தூரத்தில்தான் நிற்பான். சங்கிலியும் அப்படித்தான், தளர்வான ஒரு சுருளாகக் கிடக்கும். நீட்டி நேராக இருக்க ஒரேயொரு வழிதான் உண்டு. சுருண்டு கிடக்க எண்ணமுடியாத வழிகள் உண்டு. வெப்ப இயக்கம் அதனைச் சுருண்ட பக்கத்துக்கே தள்ளும். இந்த 'வழிகளின் எண்ணிக்கை'தான் எந்திரப்பி.

வீட்டில இருக்கிற றப்பர் பட்டி ஒண்டைச் சடாரெண்டு இழுத்து, உடனே உதட்டில வைச்சுப் பாருங்கோ. இளஞ்சூடு தெரியும். 1805 இலேயே ஜோன் கோஃப் என்ற கண்பார்வையற்ற ஆங்கில அறிஞர் இதை எழுதி வைத்தார். இழுக்கும்போது சங்கிலிகளின் வழிகள் குறைகின்றன, அதனால் வெப்பம் வெளிவருகிறது. விட்டவுடன் வழிகள் கூடும் பக்கத்துக்குத் திரும்புகின்றன. றப்பர் சுருங்குவது அதனால்தான்.

இதே கணக்கை டி.என்.ஏ.க்குப் போட்டுப் பார்ப்பம். முதலாம் நிறமூர்த்தத்தின் வெறும் டி.என்.ஏ.யைத் தண்ணீரில் கட்டில்லாமல் மிதக்கவிட்டால் அதன் இரண்டு முனைகளும் ஏறத்தாழ 90 மைக்ரோமீற்றர் தூரத்தில் இருக்கும். கருவின் அகலமோ 10 மைக்ரோமீற்றர். அதுவும் இன்னும் 45 நிறமூர்த்தங்களோடு சேர்ந்து இருக்க வேண்டிய இடம். ஆகவே கருவுக்குள் இருப்பது அடைபட்ட சங்கிலி.

அடைபட்டால் என்ன நடக்கும்?

மிக மோசமாக அடைபட்ட டி.என்.ஏ.யைப் பார்க்க வேணுமெண்டால் வைரசைப் பார்க்க வேணும். 1962 இல் ஜேர்மன் ஆய்வாளர் குழு ஒன்று பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசைத் தண்ணீர்ப் பரப்பில் வெடிக்கவிட்டு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம் எடுத்தது. நடுவில் வெறுமையான ஒரு சின்னத் தலை, அதைச் சுற்றி அதன் அகலத்தைப்போல் சில நூறு மடங்கு நீளமான ஒரே நூல். அது சும்மா உள்ளே போயிராது. 2001 இல் அமெரிக்காவில் கார்லோஸ் புஸ்தமாந்தேயின் குழு ஃபை29 என்ற வைரசின் டி.என்.ஏ. உள்ளே திணிக்கப்படும் விசையை அளந்தது. திணிக்கும் புரத இயந்திரம் 57 பிக்கோநியூட்டன் வரைக்கும் இழுத்தது. நிரம்பிய பிறகு உள்ளே ஏறத்தாழ 60 வளிமண்டல அழுத்தம் என்று அவர்கள் கணித்தார்கள். அடைபட்ட சங்கிலி வெளியே வரத் துடிக்கிறது. வைரஸ் அந்தத் துடிப்பையே பயன்படுத்தி டி.என்.ஏ.யைப் பற்றீரியாவுக்குள் செலுத்தத் தொடங்குகிறது.

பற்றீரியாவில் கதை வேறு. அங்கே 2006 இல் சக்ஜுன் ஜுன், பேலா முல்டர் ஆகிய இருவரும் எதிர்பாராத ஒன்றைக் காட்டினார்கள். ஒடுங்கிய குழாய் மாதிரியான இடத்துக்குள் இரண்டு நீண்ட சங்கிலிகளை அடைத்தால் அவை கலக்காது, தாமாகவே பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கம் போகும். காரணம் திரும்பவும் எந்திரப்பிதான். ஒன்றுக்குள் ஒன்று கலந்தால் இரண்டுக்கும் வழிகள் குறைகின்றன. விலகி இருந்தால் கூடுகின்றன. இடம் நெருக்கமானால் எல்லாம் கலங்கிப்போகும் எண்டுதான் நாங்கள் நினைப்பம். சங்கிலிகளைப் பொறுத்தவரை, சரியான வடிவமுள்ள நெருக்கம் பிரித்தும் வைக்கும்.

பல சங்கிலிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு சங்கிலி எப்படி நகரும்? 1967 இல் சாம் எட்வேர்ட்ஸ் ஒரு படம் தந்தார். பக்கத்துச் சங்கிலிகளை ஊடுருவ முடியாதபடியால் ஒவ்வொரு சங்கிலியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. 1971 இல் பிரான்சின் பியர்-ஜில் டு ஜென் அதற்குள் சங்கிலி பாம்பு மாதிரி ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும் என்று காட்டினார். ஊர்ந்து வெளிவரும் நேரம் நீளத்தின் மும்மடியாகக் கூடும். நீளம் 10 மடங்கானால் நேரம் 1,000 மடங்கு. உருகிய பிளாஸ்ரிக் ஏன் அவ்வளவு பாகாக ஓடுகிறது என்பதை விளக்க வந்த கணக்கு இது. டு ஜென்னுக்கு 1991 இல் பௌதிகவியல் நொபெல் பரிசு கிடைத்தது.

இந்த மும்மடிக் கணக்கை மறந்துவிடாதேங்கோ. திரும்ப வரும்.

நூடில்ஸா, இடியப்பமா?

இனி உயிரியல் பக்கம். 1970களில் ஜேர்மனியில் தோமஸ் கிரெமர், கிறிஸ்ரோஃப் கிரெமர் என்ற இரு சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவர் மருத்துவம் படித்தவர், மற்றவர் பௌதிகவியலாளர். இந்தக் கதையில் இரண்டு துறைகளும் ஒரே வீட்டில் சந்தித்த இடம் இது. அவர்கள் மிக நுண்ணிய புறஊதா லேசர்க் கற்றை ஒன்றை உருவாக்கி, உயிருள்ள கலத்தின் கருவில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் சுட்டார்கள்.

யோசனை எளிமையானது. கரு நூடில்ஸ் கோப்பை எண்டால் அந்தப் புள்ளியில் ஏறக்குறைய எல்லா நிறமூர்த்தங்களின் துண்டுகளும் இருக்கும். ஆகவே காயம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கும். போவெரி சொன்னபடி ஆட்புலங்கள் இருந்தால் ஒரு சில நிறமூர்த்தங்கள் மட்டும் காயப்படும். கலம் பிரியும்வரை காத்திருந்து பார்த்தார்கள். காயம் ஒரு சில நிறமூர்த்தங்களில்தான் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஒரு நிறமூர்த்தம் முழுவதையும் ஒளிரும் சாயத்தால் தீட்டும் முறை வந்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனது. ஒவ்வொன்றும் கருவுக்குள் தனித்தனித் திட்டாகத் தெரிந்தது.

நாங்கள் இதற்கு இடியப்பத்தைச் சொல்லலாம். ஒரு தட்டில் இடியப்பங்களை நெருக்கி அடுக்கினாலும், ஓரங்கள் ஒட்டினாலும், ஒவ்வொண்டையும் தனியா எடுக்கலாம். ஒவ்வொன்றும் பிழியப்பட்ட இடத்திலேயே தன் சுருளோடு கிடக்கிறது. நூடில்ஸ் கோப்பையில் அது நடக்காது.

ஆட்புலம் இருக்கிறது, சரி. ஒரு நிறமூர்த்தத்துக்கு உள்ளே நூல் எப்படி மடிந்திருக்கிறது? அடிமட்டத்தில் நடப்பது 1974 அளவில் தெளிவானது. எட்டு ஹிஸ்ரோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளையைச் சுற்றி டி.என்.ஏ. ஏறத்தாழ 147 மூலச்சோடிகளால் ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கிட்டச் சுற்றியிருக்கிறது. பிறகு அடுத்த உருளை. நூலில் கோத்த மணிகள் மாதிரி. அந்த மணிமாலை 30 நனோமீற்றர்க் கயிறாகச் சுருளும், அது இன்னும் பெரிய கயிறாகும் என்று பாடப்புத்தகங்களில் வந்த ஏணிப்படி விளக்கத்தை, உயிருள்ள மனிதக் கலங்களைப் பார்த்த பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2017 இல் கருவுக்குள்ளேயே எடுத்த முப்பரிமாணப் படங்களில் தெரிந்தது 5 முதல் 24 நனோமீற்றர் வரை தடிப்பு மாறிக்கொண்டேயிருக்கும் ஒழுங்கற்ற சங்கிலி. ஆகவே ஒழுங்கை ஏணிப்படியில் தேடிப் பயனில்லை. சங்கிலியின் இயல்பில்தான் தேட வேணும்.

அந்தத் தேடலுக்கான யோசனை 1988 இல் சோவியத் பௌதிகவியலாளர்களான குரோஸ்பேர்க், நெச்சாயெவ், ஷாக்னோவிச் ஆகியோரிடம் இருந்து வந்தது. நீண்ட சங்கிலி ஒன்று சடுதியாகச் சுருங்கினால் என்ன நடக்கும்? முனைகள் உள்ளே புகுந்து முடிச்சுப்போட நேரம் இல்லை. முதலில் அங்கங்கே சின்னக் கசங்கல்கள். பிறகு அந்தக் கசங்கல்கள் சேர்ந்து பெரிய கசங்கல். அவையும் சேர்ந்து இன்னும் பெரியது. கடைசியில் நெருக்கமான, ஆனால் முடிச்சே இல்லாத ஓர் உருண்டை. நூலில் பக்கத்தில் இருப்பவை உருண்டையிலும் பக்கத்தில் இருக்கும். எந்தப் பகுதியையும் வெளியே இழுத்து அவிழ்க்கலாம். டி.என்.ஏ. இப்படித்தான் இருக்கலாம் என்று 1993 இல் குரோஸ்பேர்க்கும் வேறு மூவரும் எழுதினார்கள். அப்போது சோதிக்க வழி இருக்கவில்லை.

2009: கருவுக்குள் தொகைமதிப்பு

வழி வந்தது நுணுக்குக்காட்டியால் அல்ல. 2002 இல் ஜொப் டெக்கரும் சக ஆய்வாளர்களும் வேறு ஒரு தந்திரம் கண்டார்கள். கலத்தை போமல்டிகைட்டில் இட்டால் அந்தக் கணத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் டி.என்.ஏ. பகுதிகள் பிணைந்துபோகும். பிறகு நூலைத் துண்டாக்கி, பிணைந்தவற்றின் முனைகளை ஒட்டி, எது எதோடு ஒட்டியது என்று பார்க்கலாம். முன்னர் கண்ணால் பார்க்க முயன்றதை இப்போது எண்ணிப் பார்த்தார்கள். யார் யாருக்குப் பக்கத்து வீடு என்று எடுக்கிற ஒரு தொகைமதிப்பு.

2009 இல் எரெஸ் லீபர்மன்-ஐடன், டெக்கர், பௌதிகவியலாளர் லியோனிட் மிர்னி உள்ளிட்ட குழு இதை மனிதக் கலத்தின் டி.என்.ஏ. முழுவதற்கும் செய்தது. ஆட்புலங்கள் தரவில் தெளிவாகத் தெரிந்தன. அதைவிட முக்கியமானது ஒரு எண். நூல் வழியே தூரம் 10 மடங்கு கூடும்போது இரண்டு புள்ளிகள் தொட்டுக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு குறைகிறது? முடிச்சுகளோடு நன்றாகக் கலங்கிய உருண்டை என்றால் 32 இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கசங்கல் உருண்டை என்றால் 10 இல் ஒரு பங்கு. 5 இலட்சம் முதல் 70 இலட்சம் மூலச்சோடி வரையான தூரங்களில் அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 12 இல் ஒரு பங்கு.

மொஸ்கோக்காரர்கள் கடதாசியில் போட்ட கணக்கு 21 வருசத்துக்குப் பிறகு மனிதக் கலத்தில் வந்து நின்றது. ஓர் எண்ணை மட்டும் வைத்து முழுக் கதையும் சொல்ல முடியாது, வேறு மடிப்பு முறைகளாலும் அதற்குக் கிட்டிய எண் வரலாம். எண்டாலும் நன்றாகக் கலங்கிய உருண்டை என்ற எண்ணம் அன்றோடு நிற்க முடியாமல் போனது.

500 வருசம்

ஏன் கலங்கவில்லை? இங்கேதான் டு ஜென்னின் மும்மடிக் கணக்கு திரும்ப வருகிறது. 2008 இல் அஞ்சலோ ரோசா, ரால்ஃப் எவரர்ஸ் ஆகிய இருவரும் அந்தக் கணக்கை நிறமூர்த்தத்துக்குப் போட்டார்கள். கலம் பிரிந்து முடியும்போது ஒவ்வொரு நிறமூர்த்தமும் சுருட்டிய தனிப் பொட்டலம். அதிலிருந்து அவிழத் தொடங்குகிறது. பாம்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து அயலவரோடு முழுதாகக் கலக்க மனித நிறமூர்த்தம் ஒன்றுக்கு எவ்வளவு காலம் வேண்டும்?

ஏறத்தாழ 500 வருசம்.

வேகமாகப் பிரியும் கலம் ஒன்று அடுத்த பிரிவுக்கு எடுக்கும் நேரம் ஒரு நாள் அளவுதான். கலங்குவதற்குள் அது திரும்பச் சுருட்டிக் கட்டிவிடுகிறது. நீண்டகாலம் வாழும் கலங்களும் 500 வருசம் வாழ்வதில்லை. நூலை வெட்டி, ஒன்றுக்குள்ளால் மற்றொன்றைக் கடக்கவிட்டு, திரும்ப ஒட்டும் நொதியங்கள் கலத்தில் இருப்பது உண்மை. பிரிவின்போது இரட்டித்த நூல்களைப் பிரித்தெடுக்க அவை இல்லாமல் முடியாது. அவை கட்டுப்பாடில்லாமல் எந்நேரமும் வேலை செய்தால் இந்தக் கணக்கு சுருங்கிவிடும். ஆனால் ஆட்புலங்கள் நிலைத்திருப்பதைப் பார்த்தால் அப்படிக் கலங்கிப்போவதில்லை என்று தெரிகிறது.

எங்களுக்கு இந்தக் கதையிலேயே மிகப் பெரிய விசயம் இதுதான். கருவுக்குள் இருக்கும் பெரிய அளவிலான ஒழுங்கு ஒருவர் வரைபடம் போட்டுக் கட்டியது அல்ல. நூல் எந்த நிலையில் இருந்து அவிழ்ந்ததோ அந்தப் பழைய நிலையின் தடம். மறக்க நேரம் கிடைக்காதபடியால் அது ஞாபகம் வைத்திருக்கிறது. ராபிள் 1885 இல் கண்டது அந்த ஞாபகத்தைத்தான்.

ஞாபகம் மட்டும் போதாது

ஆனால் தரவு கூர்மையாகக் கூர்மையாக, இன்னொன்றும் தெரியவந்தது. 2012 இல் நிறமூர்த்தத்துக்குள் சின்னச் சின்ன வட்டாரங்கள் இருப்பதைக் கண்டார்கள். ஒரு வட்டாரத்துக்குள் இருப்பவை தங்களுக்குள் அதிகம் தொட்டுக்கொள்கின்றன, எல்லைக்கு அப்பால் குறைவாக. 2014 இல் ஏறத்தாழ 10,000 வளையங்கள் எண்ணப்பட்டன. பெரும்பாலான வளையங்களின் இரண்டு அடிகளிலும் சி.ரி.சி.எஃப். என்ற புரதம் உட்காரும் குறிகள் இருந்தன. அந்தக் குறிகளுக்குத் திசை உண்டு. கிட்டத்தட்ட எப்போதும் அவை ஒன்றையொன்று பார்த்தபடியே இருந்தன.

இது சாதாரண விசயம் இல்லை. தளர்ந்த நூலில் மிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் தற்செயலாக மோதினால் அவற்றுக்கு ஒருவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. திசை தெரிய வேண்டுமென்றால் யாரோ நூல் வழியே போய்ப் பார்த்திருக்க வேண்டும். 2015, 2016 இல் இரண்டு குழுக்கள் அதற்கு விளக்கம் தந்தன. கொகீசின் என்ற மோதிர வடிவப் புரதம் நூலைப் பிடித்து, ஒரு வளையத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. எதிரே பார்த்தபடி நிற்கும் சி.ரி.சி.எஃப். வந்ததும் நிற்கிறது. இப்படி ஏதோ நடக்கலாம் என்று 2001 இலேயே கிம் நாஸ்மித் எழுதியிருந்தார்.

2018 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில், இது வேறொரு டெக்கர், கேஸ் டெக்கரின் ஆய்வுகூடத்தில், கொகீசினுக்கு உறவான கொண்டென்சின் என்ற புரதம் வளையம் இழுப்பதை நேரடியாகப் படம்பிடித்தார்கள். வினாடிக்கு 1,500 மூலச்சோடிகள் வரை இழுத்தது. அடுத்த வருசம் கொகீசினும் அதையே செய்வது தெரிந்தது. இதற்குச் சக்தி செலவாகிறது. 2017 இல் ஒரு கலத்தில் கொகீசினை இல்லாமல் செய்தபோது வளையங்கள் எல்லாம் மறைந்தன. திரும்பக் கொடுத்தவுடன் விரைவாகத் திரும்பி வந்தன. சின்ன அளவிலான இந்த ஒழுங்கு நிற்பது ஓயாத உழைப்பில்.

இந்த உழைப்பு தடுமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 இல் பேர்ளின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு பதில். விரல்கள் குறுகியோ, ஒட்டியோ, கூடுதலாகவோ பிறந்த சிலரின் குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். விரல் வளர்ச்சியோடு தொடர்புள்ள பரம்பரையலகுகளில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு வட்டாரத்தின் எல்லை மட்டும் அழிந்தோ இடம்மாறியோ இருந்தது. எல்லை போனதால் ஒரு பரம்பரையலகுக்கு உரிய ஆளி பக்கத்து வட்டாரத்துப் பரம்பரையலகைப் போட்டுவிட்டது. எலிகளில் அதே எல்லையை மாற்றியபோது அதே மாதிரியான குறைபாடு வந்தது. எழுத்துகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைத்திராது.

இந்த நாட்டில் உயர்தரத்துக்குப் போகும்போது, பதினாறு பதினேழு வயதில், எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உயிரியலா, இணைந்த கணிதமா? ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் மற்றது இல்லை. பிறகு ஆளுக்கொரு பாதையில் போகிறோம், மற்றப் பக்கத்துப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கருவுக்குள் நூல் எப்படிக் கிடக்கிறது என்ற கேள்வி அப்படிப் பிரிந்து போனவர்களிடையே நூறு வருசத்துக்கு மேல் கிடந்தது. போவெரியிடம் ஆட்புலம் இருந்தது, அது ஏன் நிலைக்கிறது என்று சொல்லச் சங்கிலிக் கணக்கு இருக்கவில்லை. டு ஜென்னிடம் கணக்கு இருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது உருகிய பிளாஸ்ரிக்கை. உயிரியல் படிக்கிறவை ஒரு றப்பர் பட்டியை இழுத்துப் பாருங்கோ. கணிதம் படிக்கிறவை ஒரு கலத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்கோ. பிறகு ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து கதையுங்கோ.